ப்ராக்டிஸில் என் கிட்டார் சத்தமே கேட்பதில்லை. 30 வாட் ஆம்பை விற்றுவிட்டு 100 வாட் வாங்கலாமா?

வாங்காதீர்கள். இந்த மாதமாவது வாங்காதீர்கள்.

நான்கு பேர், எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள், வார இறுதியில் ஒரு சின்ன அறையில் கூடி வாசிக்கிறீர்கள், டிரம்ஸ் தொடங்கியதும் உங்கள் 30 வாட் ட்யூப் ஆம்ப், அதாவது கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி, அமுங்கிப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதாததையும் ஊகித்துச் சொல்கிறேன். ஆம்ப் தரையில் இருக்கிறது. நீங்கள் அதற்கு ஓரடி முன்னால், முதுகைக் காட்டியபடி நிற்கிறீர்கள். வீட்டில் தனியாக உட்கார்ந்து செட் செய்த டோனை அப்படியே ப்ராக்டிஸுக்குக் கொண்டுபோகிறீர்கள்: ஆம்பின் குமிழ்களில் பேஸ் (அடிச்சத்தம்) 7, மிட் (நடுச்சத்தம்) 3, ட்ரெபிள் (உச்சச் சத்தம்) 7. என் ஊகம் தவறென்றால் மன்னியுங்கள். ஆனால் ஒன்பது வருடத்துக்கு முன் நான் நின்றது இப்படித்தான், கேட்டதும் இதே கேள்விதான். அன்றைக்கு எல்லோரும் எனக்குச் சொன்ன பதில் "வாங்கு".

வாங்கினேன். ஒரு வருடம் சேர்த்த பணத்தில் 100 வாட் ட்யூப் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்) ஒன்று, 12 அங்குல ஸ்பீக்கர் நான்கு பொருத்திய கேபினெட் ஒன்று. முதல் நாள் ஒரு கார்டு அடித்தேன், கால்சட்டைத் துணி முழங்காலுக்குப் பின்னால் படபடத்தது. இதைத்தானே இத்தனை நாள் தேடினோம் என்று மனம் நிறைந்துவிட்டது. அந்தச் சந்தோஷம் பொய் என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

அடுத்த வாரம் டிரம்மர் வழக்கமான 7ஏ குச்சியை விட்டுவிட்டு, அதைவிடத் தடிமனான 5பி கொண்டுவந்தார். பேஸ் கிட்டார் வாசிக்கிறவர் தன் ஆம்பைப் பாதியிலிருந்து முக்காலுக்கு ஏற்றினார். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. அவரவர் வாசிப்பது அவரவருக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். மூன்றாவது வாரம் எனக்கே என் கிட்டார் மறுபடி கேட்கவில்லை.

அதற்கான கணக்கை அப்போது யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல். 30 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் சுமார் 5 டெசிபல். காதுக்கு ஒரு சத்தம் இரண்டு மடங்கு பெரிதாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். ஆக உங்கள் 30 வாட்டை இரட்டிப்புச் சத்தமாக்க 300 வாட் தேவை. நீங்கள் செலவழிக்கப் போகும் பணத்துக்குக் கிடைப்பது அதில் பாதி வித்தியாசம். அதைச் சின்ன அறையில் டிரம்மர் குச்சியை மாற்றியே ஈடுகட்டிவிடுவார். 1 வாட்டில், 1 மீட்டர் தூரத்தில் 97 டெசிபல் தரும் ஸ்பீக்கரைக் கழற்றி 100 டெசிபல் தருவதைப் போட்டாலே வாட்டை இரட்டிப்பாக்கிய பலன் கிடைக்கும். ஆம்ப் வாங்கக் கிளம்பும்போது இதை யாரும் சொல்வதில்லை.

இனி நான் எழுத வந்த விஷயம்.

எங்கள் பேண்டில் பாடியது என்னைவிட ஆறேழு வயது சின்னப் பெண். அதிர்ந்து பேசமாட்டாள், ஆனால் பாடினால் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இரண்டு முறை என்னிடம் வந்து சொன்னாள்: "அண்ணா, என் குரல் எனக்கே கேக்க மாட்டேங்குது." நான் சொன்னது: "மைக்கை இன்னும் கிட்ட வெச்சுப் பாடும்மா." மிக்ஸரில் அவள் குரலை ஏற்றினேன், ஃபீட்பேக் கூவியது. இறக்கினேன், குரல் காணவில்லை. அவள் மைக்கின் தலையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு பாட ஆரம்பித்தாள். அதில் இன்னும் மோசமாகக் கூவியது.

ஏன் என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1966 முதல் மேடை மேடையாக இருக்கும் ஷூர் எஸ்எம்58 மாதிரியான மைக்குகள் முன்பக்கச் சத்தத்தை வாங்கி, பின்பக்கத்திலிருந்து வருவதைத் தள்ளும்படி செய்யப்பட்டவை. அந்தத் தள்ளும் வேலை தலைக்குப் பின்னால் இருக்கும் திறப்புகள் வழியாக நடக்கிறது. கையால் அதை மூடிவிட்டால் மைக் எல்லாப் பக்கத்தையும் கேட்கத் தொடங்கிவிடும், பாடுகிறவர் தன் குரலைக் கேட்க எதிரே வைத்திருக்கும் மானிட்டர் ஸ்பீக்கரையும் சேர்த்து. என் கேபினெட்டோ அவளுக்கு நேர் பின்னால் இருந்தது. அதாவது மைக்கின் வாய்க்கு எதிரே. அவள் குரலை ஏற்றிய ஒவ்வொரு தடவையும் என் கிட்டாரையும் சேர்த்துத்தான் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

சுற்றிலும் இரைச்சல் இருந்தால் மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவான். லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இலேயே இதை எழுதிவைத்துவிட்டார், இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். அவள் வேண்டுமென்று கத்தவில்லை. மூன்று மாதம், வாரம் இரண்டு நாள், அந்த அறையில் அவள் தொண்டை தானாகக் கத்தியது. ஒரு நிகழ்ச்சி முடிந்த மறுநாள் அவளுக்குப் பேச்சே எழவில்லை. ஒரு மாதம் பாடக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதாகச் செய்தி அனுப்பினாள். அந்த மாதம் முடிந்தும் அவள் வரவில்லை. கோபமாக ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் விலகிக்கொண்டாள்.

ப்ராக்டிஸை ஜன்னல் மேடையில் போனை வைத்துப் பதிவு செய்வது எங்கள் வழக்கம். அவள் போன பிறகு ஒரு ராத்திரி அந்தப் பதிவுகளைப் போட்டுக் கேட்டேன். நாற்பது நிமிடமும் என் கிட்டார்தான். எனக்குக் கேட்கவே இல்லை என்று நான் சண்டை பிடித்த அதே கிட்டார். அவள் குரல் தெளிவாகக் கேட்டது பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில், "அடுத்தது எது?" என்று கேட்கும்போது மட்டும்.

காரணம் எளிது. ஸ்பீக்கரிலிருந்து உயர்ந்த அதிர்வெண்கள் டார்ச் வெளிச்சம்போல நேர்கோட்டில் போகும். தரையில் கிடக்கும் ஆம்ப் அவற்றை உங்கள் முழங்காலுக்கும், எதிரே நிற்பவரின் காதுக்கும் அனுப்புகிறது. பக்கத்தில் நிற்கும் உங்களுக்குக் கிடைப்பது கும்மென்ற அடிச்சத்தம் மட்டும். அதனால் இன்னும் ஏற்றுகிறீர்கள். எதிரே நிற்பவருக்கோ காதில் ஊசி குத்துகிறது.

ஆம்பை நாற்காலி மேல் வையுங்கள், அல்லது சாய்த்து உங்கள் காதைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். அப்புறம் பேஸ் குமிழைக் குறைத்து மிட்டை ஏற்றுங்கள். கிட்டாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸ், பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். கீழே இருக்கும் இடம் முழுக்க பேஸ் கிட்டாருக்கும் கிக் டிரம்முக்கும் சொந்தம், அங்கே நீங்கள் எவ்வளவு முட்டினாலும் கேட்காது. வீட்டில் மெதுவாக வைத்துக் கேட்கும்போது காது அடிச்சத்தத்தையும் உச்சச் சத்தத்தையும் குறைத்தே உணரும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் இதை அளந்து காட்டினார்கள். அதனால்தான் வீட்டில் எல்லோரும் மிட்டைக் குறைத்துவிடுகிறோம், பெரிய சத்தத்தில் அந்த டோன் கரைந்துபோகிறது. மிட் 7-இல் தனியாகக் கேட்டால் மூக்கடைத்தாற்போல இருக்கும். பரவாயில்லை, பேண்டோடு சேர்ந்தால் சரியாக உட்காரும்.

இங்கே சிலர் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். திறந்தவெளி மேடை, கிட்டாருக்கு மைக் கிடையாது, துளியும் உடையாத சுத்தமான டோன் வேண்டும் என்றால் 100 வாட்டுக்கு வேலை இருக்கிறது. நான் மறுக்கவில்லை. மாடலரும் (ஆம்பின் ஒலியை டிஜிட்டலாக உருவாக்கும் கருவி) ஹெட்ஃபோனும் போதுமே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் டிரம்மரும் எலக்ட்ரானிக் டிரம்ஸ் வாசித்தால் மிக நல்ல வழி. தோல் டிரம்ஸ் இருக்கும் அறையில் அதன் சத்தம் எங்கேயும் போகாது. நான் பேசுவது கேள்வி கேட்டவரின் அறையைப் பற்றி மட்டும்.

பெரிய ஆம்ப் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தக் கேபினெட் 35 கிலோவுக்கு மேல். வேலைக்குப் போகிறவர்கள் நடத்தும் பேண்டில் சாமான் யாருடையதோ அவர்தான் வண்டி ஓட்டுகிறவர், சுமக்கிறவர், பழுது பார்க்கிறவர். மிக்ஸரும் ஸ்பீக்கரும் என்னுடையவை என்பதால் எல்லோரும் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போவேன், எல்லோரும் போன பிறகு கிளம்புவேன். உதவிக்கு ஒருவர் வந்தால் கேபிளை முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் இடையே இறுக்கி இறுக்கிச் சுற்றுவார். உள்ளே செம்புக் கம்பிகள் முறுக்கேறி ஒவ்வொன்றாக அறுந்து, ஒரு நாள் நிகழ்ச்சி நடுவில் சத்தம் நின்றுபோகும். ஒரு வளையம் இப்படி, அடுத்தது அப்படி என்று மாற்றி மாற்றித் தளர்வாகச் சுற்றக் கற்றுக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். ஐந்து வருடம் ஒன்றாக வாசித்தவர்கள் அந்த ஐந்து நிமிடத்தைத் தரவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை. உங்கள் பேண்டில் அப்படிச் சுமக்கிறவர் யாராவது இருந்தால், இந்த வாரம் ஒரு பெட்டியையாவது நீங்கள் தூக்குங்கள்.

கையில் பணம் இருக்கிறது, ஏதாவது வாங்கியே ஆக வேண்டும் என்றால், நான்கு பேருக்கும் இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான் வாங்குங்கள். சாதாரண ஃபோம் அடைப்பான் உச்சச் சத்தத்தை அதிகமாக விழுங்கி எல்லாவற்றையும் மந்தமாக்கும். ஃபில்டர் வைத்தவை எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும், பாட்டு பாட்டாகவே கேட்கும். அமெரிக்காவின் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் வைத்திருக்கும் வரம்பு 85 டெசிபலில் எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். சின்ன அறையில் டிரம்ஸ் மட்டுமே எளிதாக அந்த அளவைத் தொடும், நீங்கள் வாசிப்பதோ மூன்று மணி நேரம். எனக்கு இடது காதில், டிரம்ஸ் பக்கமாக நின்ற காதில், ஒரு மெல்லிய கீச்சொலி நிற்காமல் இருக்கிறது. ராத்திரி விளக்கணைத்ததும் நன்றாகக் கேட்கும். அதற்கு மருந்து இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

100 வாட்டை விற்றுவிட்டேன். இப்போது 15 வாட் ஆம்ப், ஒரே ஒரு 12 அங்குல ஸ்பீக்கர், ஒரு ஸ்டூல். தேவைப்பட்டால் மைக் வைத்துக்கொள்கிறேன்.

பாடுகிறவர் அறையில் எந்த இடத்தில் நிற்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. அவர் எங்கே, டிரம்ஸ் எங்கே, மானிட்டர் எங்கே என்று கருத்தில் எழுதுங்கள். ஆம்பை எந்தச் சுவரோரம் வைக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.