மின்னூலின் விலையும் அறந்தாங்கிக் கடையும்

அன்புள்ள ஐயா,

உங்கள் புதிய நாவலின் அச்சு விலை 450 ரூபாய். அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில் 225 என்று போட்டிருக்கிறது. காகிதம் இல்லை, மை இல்லை, பைண்டிங் இல்லை, லாரி பார்சல் இல்லை. பிறகு எதற்கு 225? 49 ரூபாய்க்குக் கொடுத்தால் பல மடங்கு பேர் வாங்குவார்களே! நான் சின்னக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். மாதம் ஒரு புத்தகம் என்பதே கணக்குப் பார்த்துச் செய்கிற செலவு.

இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்கள் ஊரில் பள்ளிக்கூட நாளிலிருந்து நான் போய்க்கொண்டிருந்த புத்தகக் கடையை இந்தத் தை மாதம் மூடிவிட்டார்கள். "எல்லாரும் போன்லயே படிக்கிறீங்க தம்பி, இனி எனக்கு என்ன வேலை?" என்றார் கடைக்காரர். மிச்சப் புத்தகங்களை வீட்டு முன்னறையில் அடுக்கி வாட்ஸப்பில் விற்கிறார். மூன்று வருடமாக நான் பெரும்பாலும் மின்னூல்தான் வாங்குகிறேன். அவர் சொன்னதிலிருந்து மனசு உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்தக் கடை மூடியதில் எனக்கும் பங்கு உண்டா?

ஆர்., அறந்தாங்கி

*

அன்புள்ள ஆர்,

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். அதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று தெரிகிறது.

உங்களுக்குப் பங்கு இல்லை. ஏன் என்று கணக்காகவே சொல்கிறேன்.

என் 450 ரூபாய் நாவலையே எடுத்துக்கொள்வோம். உங்கள் ஊர்க் கடைக்குப் பதிப்பகம் 35 சதவீதம் கழிவு கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் கடைக்கு அதுவே தாராளம். பலருக்கு 30தான் கிடைக்கிறது. 35 என்றால் அவருக்கு அடக்கம் 292 ரூபாய் 50 பைசா. பார்சல் கூலி, கடை வாடகை, கரண்ட் பில், விற்காமல் மஞ்சளடித்துப் போகிற பிரதிகள் எல்லாம் மீதி 157 ரூபாய்க்குள் அடங்க வேண்டும். அதே நாவலை இணையக் கடை ஒன்று 25 சதவீதத் தள்ளுபடியில் 337 ரூபாய் 50 பைசாவுக்கு வீட்டு வாசலில் கொண்டுவந்து தருகிறது. அதற்கு ஈடுகொடுத்து இவர் விற்றால் கையில் நிற்பது 45 ரூபாய். வாடகை கட்டுகிற மனிதர் 45 ரூபாயில் கடை நடத்த முடியாது. அவருக்குப் போட்டியாக வந்து நின்றது போனில் படிக்கிற மின்னூல் இல்லை, போனில் ஆர்டர் போடுகிற அச்சுப் புத்தகம்.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் வேறொரு ஊரில், எனக்குப் பழக்கமான ஒரு கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு இளைஞர் வந்தார். நிதானமாக அரைமணி நேரம் அலமாரி அலமாரியாகப் பார்த்தார். ஒரு கட்டுரைத் தொகுப்பை எடுத்து முன்னுரையை நின்றபடியே முழுக்கப் படித்தார். பிறகு அட்டையைப் போனில் படம் பிடித்துக்கொண்டு, புத்தகத்தை இருந்த இடத்திலேயே செருகிவிட்டுப் போனார். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய், கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டிருந்த அந்தப் புத்தகத்தை மற்றவற்றோடு சேர்த்து விரலால் உள்ளே தள்ளினார். வந்து உட்கார்ந்து, பழக்கமான வாடிக்கையாளர் ஒருவருக்காக எடுத்துவைத்த மூன்று புத்தகங்களைக் காக்கிக் கவரில் போட்டு மேலே பென்சிலால் பெயரை எழுதினார். அந்த இளைஞர் மேல் எனக்குக் கோபமில்லை, அவரிடமும் உங்களைப் போல அளவான பணம்தான் இருந்திருக்கும். ஆனால் அந்தப் புத்தகத்தை அவருக்கு அறிமுகம் செய்தது அந்த அலமாரி. அந்த வேலைக்குக் கடைக்காரருக்கு ஒரு பைசா கிடைக்கவில்லை.

மற்ற காரணங்களும் உண்டு. 2022க்குப் பிறகு அரசு ஆதரவில் மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. அது நல்ல காரியம், நானே பல ஊர்களில் போய்ப் பேசியிருக்கிறேன். ஆனால் வருடம் முழுக்க உள்ளூர்க் கடையில் ஒன்றிரண்டாக வாங்கிக்கொண்டிருந்தவர் இப்போது பத்து நாளில், 10 சதவீதத் தள்ளுபடியில், பதிப்பகத்தின் சொந்த அரங்கிலேயே மொத்தமாக வாங்கிவிடுகிறார். மீதி முந்நூற்றைம்பது நாளும் கடையைத் திறந்துவைத்திருப்பவருக்கு அதில் எதுவும் வருவதில்லை. போதாக்குறைக்கு, சின்னக் கடைகளும் சின்னப் பதிப்பகங்களும் நம்பியிருந்த பதிவுப் புத்தகத் தபால் சேவையை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். வெளியூர் வாசகருக்கு ஒற்றைப் புத்தகம் அனுப்ப அதைவிட மலிவான வழி இருக்கவில்லை. இப்போது கூரியர் கூலியைக் கேட்டாலே வாசகர் தயங்குகிறார். உங்கள் கடைக்காரர் வாட்ஸப்பில் விற்கிறார் என்றீர்களே, அவருக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

இனி 225க்கு வருகிறேன்.

காகிதம் இல்லை என்பது உண்மை. அதனால்தான் விலை பாதியாக இருக்கிறது. மீதிப் பாதியில் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்கள். மின்னூலுக்கு இப்போது 5 சதவீத ஜிஎஸ்டி. அச்சுப் புத்தகத்துக்கு வரியே கிடையாது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது மின்னூலுக்கு 18 சதவீதம் போட்டார்கள். மறுவருடம் அச்சுப் பதிப்பும் உள்ள மின்னூல்களுக்கு மட்டும் அதை 5 ஆகக் குறைத்தார்கள். அதே சொற்கள், அதே அத்தியாயங்கள், திரையில் வந்தால் மட்டும் வரி! இதை எதிர்த்து எழுத்தாளர்கள் இன்னும் பலமாகப் பேசியிருக்க வேண்டும்.

வரி போக 214 ரூபாய். அமேசானில் 70 சதவீத உரிமைத்தொகைத் திட்டத்தில் சுமார் 150 ரூபாய் எங்கள் பக்கம் வருகிறது. பதிப்பாளரும் நானும் பாதிப் பாதி என்பது ஒப்பந்தம், ஆக எனக்கு 75. அச்சுப் பிரதியில் எனக்கு 10 சதவீதம், 45 ரூபாய். மின்னூலில்தான் எனக்கு அதிகம் கிடைக்கிறது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. சரி, 49 ரூபாய் வைத்தால்? அவ்வளவு குறைந்த விலைக்கு 70 சதவீதம் கிடையாது, 35தான். வரி போக, அவர்கள் பங்கு போக, எங்களுக்கு வருவது 16 ரூபாய், அதில் எனக்கு 8. இன்று ஒருவர் வாங்கினால் கிடைப்பது அப்போது ஒன்பது பேருக்கு மேல் வாங்கினால்தான் கிடைக்கும். என் பழைய நாவல் ஒன்றை ஒரு மாதம் 49க்கு வைத்துப் பார்த்திருக்கிறேன். மூன்று மடங்குகூட ஏறவில்லை. விலை குறைந்தால் இன்னும் கொஞ்சம் பேர் வருவார்கள், ஆனால் வாங்காத தமிழர்கள் எல்லோரும் விலைக்காகத்தான் வாங்காமல் இருக்கிறார்கள் என்பது உண்மையில்லை.

செலவே இல்லை என்று நினைப்பதும் சரியில்லை. இந்தப் புதிய நாவல், இன்று கணினியிலும் போனிலும் பொதுவாக இருக்கிற யுனிகோடு எழுத்துமுறையிலேயே எழுதியது, பெரிய சிரமமில்லை. 2003இல் வந்த என் முதல் நாவலின் கோப்பு பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், அந்தக் காலத்து எழுத்துரு ஒன்றில் இருந்தது. அதை யுனிகோடுக்கு மாற்றி முதல் பக்கத்தைத் திறந்தபோது எனக்கு அழுகை வந்தது. தட்டச்சு செய்தவர் ர வரவேண்டிய இடத்திலெல்லாம் கால் போட்டிருந்தார். தாளில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும், யாருக்கும் தெரியாது. திரையில் 'மரம்' 'மாம்' ஆகி நின்றது. ஔவையாரின் ஔ, ஒ என்றும் ள என்றும் இரண்டு எழுத்தாகப் பிரிந்து கிடந்தது. கண்ணுக்குச் சரியாகத்தான் தெரியும், ஆனால் தேடினால் கிடைக்காது. எ இருக்க வேண்டிய சில இடங்களில் தமிழ் எண் ஏழு. அச்சில் வரிக்கடைசியில் சொல்லை உடைத்த கோடுகள் எல்லாம் நடுவரியில் வந்து முளைத்திருந்தன. நானும் ஒரு மெய்ப்புத் திருத்துநரும் நாற்பது நாள் உட்கார்ந்தோம். அந்த அம்மா அச்சுப் பிரதியை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு, ஒரு ஸ்கேலை வரி வரியாக இறக்கிக்கொண்டே திரையைப் பார்ப்பார். ஒரு நாளைக்கு எட்டுப் பக்கம். அவருக்குக் கொடுத்த கூலி போதாது என்று இன்றும் நினைக்கிறேன். பிழை மலிந்த தமிழ் மின்னூலைத் திறந்து மூடிவிட்டு 'இதற்குக் காசு வேறா' என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். இந்த வேலைக்கு யாரும் பணம் கொடுக்காததால்தான் அது அப்படி இருந்தது.

'மின்னூல் என்றால் சல்லிசாகக் கிடைக்க வேண்டும்' என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதையும் யோசித்துப் பாருங்கள். 2007 நவம்பரில் அமெரிக்காவில் கிண்டில் வந்தபோது, பரபரப்பாக விற்கிற புதிய புத்தகங்களை அமேசான் 9.99 டாலருக்கு விற்றது. பல புத்தகங்களைப் பதிப்பகத்திடம் அதைவிட அதிக விலைக்கு வாங்கித்தான் அப்படி விற்றது. நட்டத்தைத் தாங்கிக்கொண்டது, கருவியையும் கடையையும் நிலைநிறுத்துவதற்காக. அந்த விலை நாவலின் அடக்கத்திலிருந்து வந்ததில்லை. பயந்துபோன ஐந்து பெரிய பதிப்பகங்கள் 2010இல் ஆப்பிளோடு சேர்ந்து, விலையைத் தாங்களே வைக்கிற ஏற்பாட்டுக்குப் போயின. அரசு வழக்குப் போட்டது. கூட்டுச் சதி என்று 2013இல் தீர்ப்பானது. ஆப்பிள் 45 கோடி டாலர் கொடுக்க நேர்ந்தது. கூடிப் பேசி விலையை ஏற்றியது தவறுதான், தீர்ப்பில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வாசகர் கொடுக்கிற விலையைக் காப்பாற்றிய அளவுக்கு, வாசகர் போய் வாங்குகிற கடைகளின் எண்ணிக்கையை யாரும் காப்பாற்றவில்லை. பார்டர்ஸ் என்ற பெரிய புத்தகக் கடைச் சங்கிலி 2011இலேயே மூடிவிட்டது.

என் கவலை விலையைப் பற்றியது இல்லை, ஆர். ஒரே கடை என்பதுதான் என் கவலை. தமிழுக்குக் கிண்டிலில் முறையான இடம் 2016 டிசம்பரில்தான் கிடைத்தது. அதனால் நடந்த நன்மையை நான் நன்றியோடு சொல்வேன். டொரன்டோவிலும் லண்டனிலும் இருக்கிற ஈழத்து வாசகர்கள் முன்பு என் புத்தக விலையைவிட அதிகமாகத் தபாலுக்குக் கொடுத்தார்கள். இப்போது வெளியான அன்றே படித்துவிட்டு எழுதுகிறார்கள். கண்புரை முற்றிய என் பெரியப்பா, எழுத்தைக் கட்டைவிரல் அளவுக்குப் பெரிதாக்கிக்கொண்டு கடைசி இரண்டு வருடம் படித்தார். இதெல்லாம் காகிதத்தால் முடியாது.

ஆனால் அமேசானின் நேரடிப் பதிப்பில் இந்தியாவில் அந்த 70 சதவீதம் வேண்டுமானால் மின்னூலை அவர்களிடம் மட்டுமே விற்பதாக ஒப்புக்கொள்ள வேண்டும். வேறு தளத்தில் வைக்கக் கூடாது, என் சொந்தத் தளத்தில்கூட வைக்கக் கூடாது. மாதச் சந்தாவில் படிப்பவர்கள் எத்தனை பக்கம் புரட்டினார்களோ அந்தக் கணக்கில்தான் பணம். அறுபத்துநான்கு பக்கக் கவிதைத் தொகுப்பு போட்டவருக்கு என்ன தேறும் சொல்லுங்கள். வாசகருக்கும் அதே நிலைதான். நீங்கள் வாங்குவது படிக்கிற அனுமதியை மட்டும். 2009இல் ஆர்வெல்லின் '1984' நாவலை விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், காசு கொடுத்து வாங்கியவர்களின் கருவியிலிருந்தே அதை அழித்து, பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். வாங்கிய மின்னூலைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாகக் கருவியில் ஏற்றுகிற வசதியையும் 2025 பிப்ரவரியில் எடுத்துவிட்டார்கள். உங்கள் அலமாரியில் இருக்கிற புத்தகத்தை அறந்தாங்கிக் கடைக்காரர் ராத்திரியில் வந்து எடுத்துக்கொண்டு போக முடியாது.

பிரான்சில் 1981இலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. புத்தகத்தின் விலையைப் பதிப்பகம்தான் வைக்கும், எந்தக் கடையும் 5 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி தரக் கூடாது. பெரிய சூப்பர் மார்க்கெட்டிலும் சந்துக்குள் இருக்கிற சின்னக் கடையிலும் ஒரே விலை. 2011இல் மின்னூலுக்கும் விலையைப் பதிப்பகமே வைக்கும்படி சட்டம் செய்தார்கள். இணையக் கடைகள் இலவச டெலிவரி என்று சொல்லி இதைச் சுற்றிக்கொண்டு போனதால், 2023 அக்டோபரிலிருந்து 35 யூரோவுக்குக் குறைந்த புத்தக ஆர்டருக்குக் குறைந்தபட்சம் 3 யூரோ டெலிவரிக் கட்டணம் வாங்கியே ஆக வேண்டும் என்று ஆக்கினார்கள். வாசகருக்கு இதில் கொஞ்சம் கூடுதல் செலவுதான். அந்தச் செலவில் ஊருக்கு ஊர் கடை நிற்கிறது. இங்கேயும் பதிப்பாளர்கள் கூடிப் பேசித் தள்ளுபடிக்கு ஒரு வரம்பு கேட்டு அரசிடம் போக வேண்டும் என்று நான் மேடையில் சொல்லிவருகிறேன். இனியும் சொல்வேன்.

என்னால் ஆனது இவ்வளவு. முதல் இரண்டு நாவல்களை மின்னூலாக மாற்றிய செலவு எப்போதோ கைக்கு வந்துவிட்டது. பதிப்பாளரிடம் பேசி, அடுத்த மாதத்திலிருந்து இரண்டையும் 99 ரூபாய்க்குக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன். அமேசானில் மட்டுமே விற்கிற இந்தத் தனி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல், என் தளத்திலும் பூட்டில்லாத ஈபப் என்ற மின்னூல் கோப்பாகக் கிடைக்கும்படி செய்யப்போகிறோம். எனக்கு வரும் சதவீதம் குறையும், பரவாயில்லை. புதிய நாவல் ஒரு வருடத்துக்கு 225தான். நீங்கள் அதற்காக மாதச் செலவைக் கலைக்க வேண்டாம். முதல் இரண்டையும் படியுங்கள், புதியதை நூலகத்தில் கேளுங்கள். கேட்டு வாங்கிப் படிக்கிறவர்கள் இருந்தால்தான் நூலகரும் மேலே எழுதிப் போடுவார்.

உங்கள் கடைக்காரர் விஷயம். பதிப்பாளர் அவருக்குப் பத்துப் பிரதி அனுப்பச் சம்மதித்திருக்கிறார். 40 சதவீதக் கழிவு, பார்சல் கூலி பதிப்பகத்துடையது, ஆறு மாதத்தில் விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். நான் பத்திலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். யார் யாருக்கு விற்பார் என்று அவருக்குத் தெரிந்திருக்குமானால் பெயர்களை எழுதி அனுப்பச் சொல்லுங்கள், பெயர் போட்டே எழுதிவிடுகிறேன். அவர் சரி என்றால் மறக்காமல் முகவரியை மின்னஞ்சலில் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை பார்சல் கட்டுகிறார்கள்.