காட்டில் நான்கு பேர் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கோலாலம்பூர் கெப்போங்கில், பதினான்காவது மாடியில், மனைவியுடனும் இரண்டு பிள்ளைகளுடனும் வசிக்கிறேன். மூத்தவளுக்கு ஏழு வயது, இளையவனுக்கு மூன்று. இருவரும் வேலைக்குப் போகிறோம். பிள்ளைகளைக் கொண்டுபோய் விடும்போதும் இருட்டு, அழைத்து வரும்போதும் இருட்டு. ஓராண்டாக, அலாஸ்காவில் காட்டுக்குள் வாழும் குடும்பங்களின் காணொளிகளை இரவுதோறும் பார்த்து வருகிறேன். அவர்கள் வேட்டையாடுகிறார்கள், மீன் பிடிக்கிறார்கள், பிள்ளைகளுக்குத் தாங்களே பாடம் சொல்லித் தருகிறார்கள். யாரிடமும் கைகட்டி நிற்பதில்லை.

பகாங்கில் லிப்பிசுக்கு அப்பால் காட்டை ஒட்டி ஒரு நிலம் விலைக்கு வருகிறது. வீட்டை விற்றுவிட்டு அங்கே போய், காட்டையும் மண்ணையும் மட்டும் நம்பிப் பிள்ளைகளை வளர்க்கலாம் என்று நினைக்கிறேன். என் தாத்தா தலைமுறையினர் இந்நாட்டுக் காட்டை வெட்டித்தானே வாழ்ந்தார்கள்? பாரியின் பறம்பு மலை உழாமலே சோறு போட்டதாகப் பள்ளியில் படித்தோம். நம் மழைக்காட்டில் பனியும் இல்லை, பஞ்சமும் இல்லை. அலாஸ்காவில் முடிவது இங்கே ஏன் முடியாது? என் மனைவி மட்டும் "அங்கே யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டுத் தயங்குகிறாள். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

கெப்போங் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பதினான்காவது மாடியிலிருந்து பார்த்தால் எந்தக் காடும் அழகாகத்தான் தெரியும் என்று கேலி செய்வது எளிது. ஆனால் பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில் அவர்களோடு இருக்க வேண்டும் என்று ஒரு தகப்பன் விரும்புவதில் கேலிக்கு இடமில்லை. எனக்கு உடன்பாடு இல்லாதது, அந்த விருப்பத்திற்கு நீங்கள் தேர்ந்திருக்கும் வழி. உங்கள் திட்டத்தில் நான்கு பேர் இருக்கிறார்கள், ஒரு காடு இருக்கிறது, ஐந்தாவது ஆள் இல்லை. உங்கள் மனைவியின் கேள்வியைத் தயக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதம் முழுவதிலும் காட்டை அறிந்தவர் கேட்கக்கூடிய ஒரே கேள்வி அதுதான் என்பேன்.

முதலில் அலாஸ்காவை எடுத்துக்கொள்வோம். அரசு நிலத்தில் குடியேறி, உழைத்து, அதைத் தமதாக்கிக்கொள்ளும் உரிமையை 1862ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அமெரிக்கர்களுக்குத் தந்திருந்தது. பிற மாநிலங்களில் 1976இல் நீக்கப்பட்ட அந்த உரிமை, அலாஸ்காவில் 1986இல் முடிவுக்கு வந்தது. அதற்கு முன்பே, 1980இல் வந்த இன்னொரு சட்டம் அங்கே பத்துக் கோடி ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைத் தேசியப் பூங்காக்களாகவும் வனவிலங்குப் புகலிடங்களாகவும் ஆக்கியபோது, ஏற்கெனவே உள்ளே வாழ்ந்திருந்த மிகச் சிலரே அனுமதி பெற்றுத் தங்கினார்கள். ஹைமோ கோர்த் அவர்களில் பெயர் பெற்றவர். ஆர்க்டிக் புகலிடத்துக்குள் மனைவி எட்னாவுடன் பெண்பிள்ளைகளை வளர்த்தவர். ஒரே இடத்தில் வேட்டை வற்றிவிடாதிருக்க மூன்று குடில்களுக்கு இடையே மாறி மாறி வாழ்ந்தவர்.

அவரைத் தனி மனிதராகக் கற்பனை செய்துகொள்வது சுலபம். ஆனால் எட்னா, செயின்ட் லாரன்ஸ் தீவின் யூபிக் இனத்தில், வேட்டையையே வாழ்வாகக் கொண்ட மக்களிடையே பிறந்தவர். அந்தக் குளிர்நிலத்தில் வாழும் அறிவு சீதனம்போல அவருடன் வந்தது. பொறி வைத்துப் பிடித்த விலங்குகளின் தோலை விற்ற பணத்தில்தான் மாவும் தோட்டாவும் எரிபொருளும் வாங்கப்பட்டன. அவற்றைக் கொண்டுவந்து இறக்கியது சிறிய விமானம். கோடையில் சில வாரங்கள் ஃபோர்ட் யூகோன் என்ற ஊருக்குக் குடும்பத்தோடு திரும்பினார்கள். இத்தனைக்கும் பிறகு, 1984இல் படகு கவிழ்ந்து அவர்களுடைய முதல் குழந்தை ஆற்றோடு போயிற்று. அதன் பின்னரும் அவர்கள் அங்கேயே வாழ்ந்ததை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் யாரிடமும் எதற்கும் போய் நிற்காமல் அவர்கள் வாழ்ந்தார்கள் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

அப்படி உண்மையாகவே வாழ்ந்த ஒரு குடும்பம் உண்டு. கார்ப் லைக்கோவ் என்ற ருஷ்யர், பழைய சமய வழிபாட்டைக் கைவிடாத பிரிவைச் சேர்ந்தவர். 1936இல், தம் சகோதரர் சுட்டுக் கொல்லப்பட்டதும், மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் கொஞ்சம் விதையையும் எடுத்துக்கொண்டு சைபீரியக் காட்டுக்குள் ஓடினார். மேலும் இரண்டு குழந்தைகள் காட்டிலேயே பிறந்தார்கள். 1978இல் நிலவியல் ஆய்வாளர்கள் கண்டுபிடிக்கும் வரை, அந்த இரு குழந்தைகளும் தங்கள் குடும்பத்தாரைத் தவிர வேறொரு மனித முகத்தைக் கண்டதில்லை. அடுப்பில் வைக்கக் கொண்டுபோன பாத்திரங்கள் துருப்பிடித்து உதிர்ந்தபோது பூர்ச்ச மரப்பட்டையில் பாத்திரம் செய்துகொண்டார்கள். அதைத் தீயில் வைக்க முடியாது. செருப்பும் மரப்பட்டைதான். உப்பு இல்லாமல் வாழ்ந்ததே பெரிய வதை என்று கார்ப் பின்னாளில் சொன்னார். 1961இல் ஜூன் மாதத்தில் பனி விழுந்து தோட்டம் அழிந்தது. இருந்த உணவைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தாய் அக்குலினா பட்டினியால் இறந்தார். ரை என்னும் தானியத்தில் ஒரே ஒரு செடி முளைத்ததாகவும், எலியும் அணிலும் தின்றுவிடாமல் குடும்பமே இரவும் பகலும் அதற்குக் காவல் இருந்ததாகவும், அந்தக் கதிரிலிருந்து மீண்டும் பயிரைப் பெருக்கியதாகவும் சொல்கிறார்கள்.

இந்தக் குடும்பத்தின் உழைப்பிலோ அறிவிலோ யாராலும் குறை காண முடியாது. இருந்தும் ஓர் ஊர் செய்யும் வேலைகளை ஐந்தாறு பேர் செய்ய முடியவில்லை. இரும்பு உருக்க ஆளில்லை, உப்பு கொண்டுவர ஆளில்லை, ஒரு பருவம் பொய்த்தால் விதை கடன் தர அண்டை வீடு இல்லை. நான்கு பிள்ளைகளில் ஒருவருக்கும் திருமணம் ஆகவில்லை. மணக்க அங்கே யார் இருந்தார்கள்? 1981இல் நால்வரில் மூவர் ஒருவர்பின் ஒருவராக இறந்தார்கள், 1988இல் தந்தையும் இறந்தார், இளைய மகள் அகாஃபியா மட்டும் தனியே எஞ்சினார். தனியே வாழ வேண்டும் என்பது பெற்றோர் எடுத்த முடிவு. அதன் விலையைப் பிள்ளைகள்தாம் கடைசிவரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இனி நம் காடு. மழைக்காட்டில் பஞ்சமில்லை என்பது சாலையிலிருந்து பார்ப்பவர் கணக்கு. அந்தப் பசுமையில் பெரும்பகுதி நாம் தின்ன முடியாத இலையும் மரமும். பழங்கள் கைக்கெட்டாத உயரத்தில் பழுக்கின்றன, அதுவும் எல்லா ஆண்டும் ஒரேபோல் பழுப்பதில்லை. விலங்குகளிலும் பல மர உச்சியிலேயே வாழ்பவை. வயிறு நிரப்பும் மாவுச்சத்துக்குக் காட்டு வள்ளிக்கிழங்கைத்தான் தோண்ட வேண்டும். அது சிதறிக் கிடப்பது, ஆழத்தில் இருப்பது. பயிர்செய்யும் மக்களின் துணையில்லாமல் மழைக்காட்டில் மனிதர் வாழ முடியுமா என்றே மானுடவியலாளர்கள் 1980களில் விவாதித்தார்கள். முடியும் என்பதற்குச் சான்றாக அந்த விவாதத்தில் முன்வைக்கப்பட்டவர்கள் நம் கிளந்தான், பகாங் காடுகளின் பத்தேக் பூர்வகுடியினர்.

ஆனால் அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். சில நாள், மிஞ்சினால் ஓரிரு வாரம், ஓரிடத்தில் கூட்டமாகத் தங்கிவிட்டு, கிழங்கு குறைந்ததும் அடுத்த இடத்துக்குப் பெயர்ந்தார்கள். ஒருவர் அம்பு எய்யும் ஊதுகுழலால் வீழ்த்திய குரங்கின் இறைச்சி முகாமின் எல்லா அடுப்புகளுக்கும் போகும். கேட்டவருக்கு இல்லை என்பது அவர்களிடம் பெரும் பிழை. வேட்டைக்குப் போனவர் வெறுங்கையோடு திரும்பும் நாள்கள் பல என்பதால், இன்று நீ நாளை நான் என்ற ஏற்பாடு இல்லாமல் அங்கே குழந்தை பசியாற முடியாது. பிள்ளைகள் பெரியவர்களோடு அலைந்து விளையாட்டாகவே கிழங்கு தோண்டக் கற்கிறார்கள். தாய் ஒருத்தி படுத்துவிட்டால் தூக்கி வைத்துக்கொள்ள இன்னொரு கை இருக்கிறது. அவர்களும் காட்டை மட்டும் நம்பியதில்லை. பிரம்பையும் அகிலையும் வெளியே கொடுத்து அரிசியும் உப்பும் துணியும் இரும்பும் வாங்குவது நெடுங்காலமாக நடந்துவரும் வணிகம். பறம்பு மலையைக் குறிப்பிட்டீர்கள். உழாமல் விளையும் நான்கைப் பாடிய அதே புலவர், அந்த நாட்டில் முந்நூறு ஊர்கள் இருந்ததையும் பாடியிருக்கிறார். பள்ளியில் முதல் பாட்டோடு நிறுத்திவிடுகிறார்கள் போலும்.

உங்கள் தாத்தா காட்டை வெட்டினார் என்பது உண்மை. அவர் காட்டால் வாழவில்லை. சம்பளத்தால் வாழ்ந்தார், பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்த அரிசியைத் தின்றார். 1942இல் ஜப்பானியர் வந்து அந்த அரிசி நின்றபோதுதான் தோட்டப்புறத் தமிழர்கள் மண்ணை மட்டும் நம்பி வாழ்ந்தார்கள். அந்த மூன்றரை ஆண்டு மரவள்ளிக்கிழங்கைப் பற்றி என் அம்மா கடைசிவரை நல்ல வார்த்தை சொன்னதில்லை. ஜப்பானியர் போட்ட சயாம் ரயில்பாதைக்கு ஆண்களைப் பிடித்துக்கொண்டு போன லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளில், மிஞ்சிய பெண்கள் ஒன்றாகக் கொத்தி, ஒன்றாக நட்டு, ஒன்றாக அவித்தார்கள் என்பார். அமைதிக் காலத்திலும் பால்மரம் வெட்டப் போன தாய்மார் விடியலுக்கு முன் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் போனார்கள். உங்கள் பிள்ளைகளின் இருட்டு விடியலுக்கு நம்மிடையே பழைய வரலாறு உண்டு.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு இயற்கையாகத் தொற்றும் நோலெசி மலேரியா, 1965இல் பகாங் காட்டிலிருந்து திரும்பிய ஓர் அமெரிக்கரிடம்தான் முதன்முதலில் கண்டறியப்பட்டது. மனித மலேரியாவின் உள்நாட்டுத் தொற்று 2018இலிருந்து மலேசியாவில் இல்லாத நிலையிலும், காட்டோரங்களில் இது தொடர்கிறது. அதன் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுவதால், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று காய்ச்சலை விட்டுவைக்க முடியாது. 2019இல் குவா மூசாங் மாவட்டத்தின் கோல கோ என்ற இடத்தில் பத்துக்கும் மேற்பட்ட பத்தேக் மக்கள் இறந்தார்கள். அங்கே தட்டம்மை பரவியிருந்ததைச் சுகாதார அமைச்சு உறுதி செய்தது. காட்டை நம்மைவிட நூறு மடங்கு அறிந்தவர்கள் அவர்கள். உங்கள் இளையவனுக்குத் தடுப்பூசிகள் முழுமையாகப் போடப்பட்டுவிட்டனவா என்று முதலில் பாருங்கள், கெப்போங்கிலேயே இருப்பதானாலும் சரி.

சட்டமும் குறுக்கே நிற்கும். வனக் காப்பகங்கள் மாநில அரசுக்கு உரியவை. அனுமதியின்றி அவற்றுக்குள் குடியிருப்பதும், விளைபொருளை எடுப்பதும் 1984ஆம் ஆண்டு தேசிய வனவியல் சட்டப்படி குற்றம். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பூர்வகுடியினர் தம் குடும்ப உணவுக்காகச் சில விலங்குகளை வேட்டையாட இடம் தருகிறது. உங்களுக்கும் எனக்கும் உரிமம் வேண்டும். தொடக்கக் கல்வி 2003இலிருந்து கட்டாயம். அமைச்சரிடம் விலக்குப் பெறாமல் பிள்ளையை வீட்டில் வைத்திருந்தால் 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். காட்டில் மூன்றாவது குழந்தை பிறந்தால் பதிவு வேண்டும். பிறப்புப் பதிவு விட்டுப்போனதாலேயே குடியுரிமை இல்லாமல் அலைந்த தோட்டப்புறக் குடும்பங்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும். தாளை நம் சமூகம் இளப்பமாக எண்ணக் கூடாது.

ஆகவே, காட்டில் தனிக் குடும்பமாக வாழும் திட்டத்தைக் கைவிடுங்கள் என்பதே என் கருத்து. மண்ணோடு வாழும் திட்டத்தைக் கைவிடச் சொல்லவில்லை. ஏற்கெனவே நாலைந்து குடும்பமாவது பயிர்செய்யும் ஒரு கம்பத்தின், அதாவது கிராமத்தின், ஓரத்தில், பள்ளியும் மருந்தகமும் மழைக்காலத்திலும் எட்டும் தூரத்தில், வாழையும் மரவள்ளியும் கோழியும் வளர்த்து, இருவரில் ஒருவராவது மாதச் சம்பளத்தைக் கொஞ்ச காலம் விடாமல் வைத்துக்கொண்டு வாழ்வதை என்னால் நம்ப முடிகிறது. அப்படியானால் மாலையில் பிள்ளைகள் உங்களோடு இருப்பார்கள், பகலில் அவர்களுக்கு வேறு பிள்ளைகள் இருப்பார்கள். வீட்டை விற்காமல் வாடகைக்கு விட்டுவிட்டுப் போங்கள். வறண்ட மாதங்களில் பார்த்து மயங்காமல், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் குடும்பத்தோடு அங்கே தங்கிப் பாருங்கள். 2014 டிசம்பர் வெள்ளத்தில் கிளந்தானிலும் பகாங்கிலும் எத்தனையோ ஊர்களுக்குச் சாலையே இல்லாமல் போயிற்று. அந்த நாள்களில் அங்குள்ளவர்கள் யார் வீட்டில் அரிசி வாங்கினார்கள், நோயாளியை எப்படிக் கொண்டுபோனார்கள் என்று விசாரித்தால், அக்கம்பக்கத்தார் எப்படிப்பட்டவர்கள் என்பது தெரிந்துவிடும்.

அதற்கும் முன்னால், தரகரிடம் முன்பணம் எதுவும் கொடுக்காமல், நில அலுவலகத்தில் அந்த நிலத்தின் கிராண்டை, அதாவது உரிமைப் பத்திரத்தை, தேடிப் பார்த்துவிடுங்கள். அது விவசாய நிலம்தானா, எத்தகைய கட்டுப்பாடுகள் எழுதப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். மலாய்க்காரர்களுக்கென ஒதுக்கப்பட்ட மலாய் ஒதுக்கீட்டு நிலம் என்று இருந்தால் அது உங்கள் பெயருக்கு மாறாது. தரகர் என்ன சொன்னாலும் சரி.