நீங்கள் அமெரிக்காவில் ஒரு கன்சர்வேடிவ் என்கிறீர்கள். இன்றைய அமெரிக்க அரசியலைப் பற்றி உண்மையில் என்ன நினைக்கிறீர்கள்?

கேட்டவர் கேள்வியோடு இரண்டு கொசுறும் சேர்த்திருக்கிறார்: டிரம்பை எப்படி ஆதரிக்க முடிகிறது, 2024-இல் கமலா ஹாரிஸுக்கு ஏன் ஓட்டுப் போடவில்லை என்று. கொசுறை முதலில் முடித்துவிடலாம்.

கமலாவின் தாத்தா ஊர் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம். தேர்தல் சமயத்தில் அங்கே கோயிலில் பூஜை, பேனர் என்று அமர்க்களப்பட்டது எல்லாருக்கும் தெரியும். ஊரிலிருந்து என் சித்தப்பா போன் போட்டு, "ஏம்ப்பா, நம்ம ஊருப் பொண்ணு நிக்குது, அதை விட்டுட்டு அந்த ஆளுக்கா போடப்போறே?" என்று இழுத்தார். அவரிடம் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன். நான் ஊரைப் பார்க்கவில்லை, பைடனும் கமலாவும் நடத்திய நான்கு வருட ஆட்சியைப் பார்த்தேன். 2021 மார்ச்சில், பொருளாதாரம் தானாகவே எழுந்துகொண்டிருந்த நேரத்தில், 1.9 லட்சம் கோடி டாலரை அள்ளி இறைத்தார்கள். கிளின்டனிடம் நிதியமைச்சராக இருந்த லாரி சம்மர்ஸே (அவர் ஜனநாயகக் கட்சி, எங்கள் குடியரசுக் கட்சி ஆள் இல்லை) விலைவாசி எகிறும் என்று அப்போதே எச்சரித்தார். 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டது. உக்ரைன் போரும் சரக்குத் தட்டுப்பாடும் அதில் பங்கு வகித்தன, மறுக்கவில்லை. ஆனால் எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றியது யார் என்ற கேள்வி இருக்கிறது. எல்லைப் பக்கம் போனால், 2023 டிசம்பர் ஒரே மாதத்தில் மெக்சிகோ எல்லையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் பிடிபட்டார்கள். ஆகவே டிரம்புக்குப் போட்டேன், பெரிய உற்சாகம் எதுவும் இல்லாமல்.

போட்டதோடு சரி. அவருக்குத் தேங்காய் உடைக்கிற கூட்டத்தில் நான் இல்லை.

இப்போது நிஜக் கேள்விக்கு வருகிறேன். என் மனக்குறை டிரம்ப் மேலோ பைடன் மேலோ மட்டும் இல்லை. சட்டம் போடவும் வரி போடவும் செலவுக்குக் கணக்குக் கேட்கவும் போருக்குச் சம்மதம் தரவும் இந்த நாட்டின் அரசியல் சட்டம் காங்கிரஸை, அதாவது நாடாளுமன்றத்தைத்தான் நியமித்திருக்கிறது. முதல் பிரிவே அதைப் பற்றித்தான், ஜனாதிபதி இரண்டாவதாகத்தான் வருகிறார். அந்தக் காங்கிரஸ் தன் வேலையை ஒவ்வொன்றாக ஜனாதிபதியிடமும் நீதிபதிகளிடமும் கொடுத்துவிட்டு டிவியில் பேட்டி கொடுத்துக்கொண்டிருக்கிறது. கன்சர்வேடிவ் என்று சொல்லிக்கொள்கிறவன் முதலில் கோபப்பட வேண்டியது இதற்குத்தான் என்பது என் வாதம். எங்கள் ஆள் வெள்ளை மாளிகையில் இருந்தாலும்தான்.

நான் இருப்பது ஒஹாயோவில், கொலம்பஸ் பக்கத்துப் புறநகர் ஒன்றில். இங்கே பள்ளிக்கூடத்துக்குப் பணம் வேண்டுமென்றால் பள்ளி வாரியம் எங்கள் முன்னால் வந்து நிற்க வேண்டும். இதற்கு லெவி என்று பெயர். ஓட்டுச் சீட்டிலேயே அச்சடித்திருப்பார்கள்: கவுன்ட்டி ஆடிட்டர் மதிப்பிட்ட உங்கள் வீட்டு மதிப்பில் ஒவ்வொரு 1,00,000 டாலருக்கும் வருஷத்துக்கு இத்தனை டாலர் கூடுதல் வரி, இத்தனை வருஷத்துக்கு, இன்ன செலவுக்கு, சம்மதமா இல்லையா. 1976-இல் வந்த ஒரு மாநிலச் சட்டப்படி, வீட்டு மதிப்பு ஏறியதும் லெவி வருமானம் தானாக ஏறிவிடாது, அதனால் சில வருஷத்துக்கு ஒருமுறை அவர்கள் திரும்ப வந்து கேட்டே ஆக வேண்டும். வந்தால் தெருவே இரண்டாகிவிடும். ஒரு வீட்டுப் புல்வெளியில் ஆதரவு அட்டை, பக்கத்து வீட்டில் எதிர்ப்பு அட்டை. என் மகன் வகுப்பு டீச்சர் ஒரு சனிக்கிழமை எங்கள் கதவைத் தட்டி, பஸ் வழித்தடம் எதெல்லாம் நின்றுபோகும் என்று விளக்கினார். எதிர் வீட்டு ஓய்வுபெற்ற பெரியவர், வரி ஏறினால் வீட்டை விற்க வேண்டியதுதான் என்கிறார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் சில லெவிக்கு ஆமாம் போட்டிருக்கிறேன், சிலவற்றுக்கு இல்லை. தோற்றால் வாரியம் செலவைக் குறைத்துக்கொண்டு, திட்டத்தைத் திருத்தி அடுத்த தேர்தலில் வரும். கேட்கிறவன் முகம் எனக்குத் தெரியும், அவன் எதற்குக் கேட்கிறான் என்பதும் தெரியும். அரசாங்கம் என்றால் எனக்கு இந்த அளவில் இருக்க வேண்டும்.

வாஷிங்டனில் என்ன நடக்கிறது? பட்ஜெட்டுக்கு 12 ஒதுக்கீட்டு மசோதாக்கள், அக்டோபர் 1-க்குள் நிறைவேற வேண்டும். அத்தனையும் கடைசியாக நேரத்துக்கு முடிந்தது 1996-இல். அப்போது பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது கல்யாணமே ஆகியிருக்கும். நடுவில் எல்லாம் தற்காலிக நீட்டிப்பு, நடு ராத்திரியில் வருகிற பல நூறு பக்க மசோதா, இல்லையென்றால் பணமில்லாமல் அரசு அலுவலகங்கள் மூடல். 2025-இல் அக்டோபர் 1 தொடங்கி 43 நாள் மூடிக் கிடந்தது, அதுவரை நடந்ததிலேயே நீண்ட மூடல் அதுதான். விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை செய்கிறவர்கள் சம்பளமில்லாமல் வேலைக்கு வந்தார்கள்.

நாட்டின் கடன் 2025-இல் 38 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. 2024 நிதியாண்டில் வட்டிக்கு மட்டும் சுமார் 88,000 கோடி டாலர், ராணுவச் செலவைவிட அதிகம். இதில் எங்கள் கட்சிக்காரர்களைத்தான் அதிகம் திட்டுவேன், ஏனென்றால் சிக்கனம் பேசி ஓட்டு வாங்குவது அவர்கள். 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான அந்தப் பெரிய வரிச் சட்டம் பத்து வருஷத்தில் 3.4 லட்சம் கோடி டாலர் பற்றாக்குறையைக் கூட்டும் என்று காங்கிரஸின் சொந்த பட்ஜெட் அலுவலகமே கணக்குப் போட்டது. கென்டக்கிக்காரர்கள் இரண்டு பேர், செனட்டில் ராண்ட் பால், கீழ்சபையில் தாமஸ் மாஸி, முடியாது என்றார்கள், அதற்காக நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். எலான் மஸ்க் 2 லட்சம் கோடி மிச்சம் பிடிக்கிறேன் என்று வந்தார், ஆர்ப்பாட்டம் முடிந்து பார்த்தால் அந்த நிதியாண்டின் மொத்தச் செலவு முந்தைய ஆண்டைவிடக் கூடித்தான் இருந்தது. முதியோர் ஓய்வூதியத்தையும், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரையும் தொடாமல் யாரும் எதையும் மிச்சம் பிடிக்க முடியாது. தொட்டால் தேர்தலில் காலி. ரெண்டு கட்சியும் இதில் கூட்டாளிகள்.

அப்புறம் இந்த அவசர நிலைச் சட்டங்கள். எனக்கு ராத்திரித் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான். 1976-இல் ஒரு சட்டம் போட்டார்கள், ஜனாதிபதி அவசர நிலை அறிவிக்கலாம், காங்கிரஸ் வேண்டாமென்றால் இரண்டு சபையும் ஓட்டுப் போட்டு ரத்து செய்யலாம், ஜனாதிபதி கையெழுத்தே தேவையில்லை என்று. 1983-இல் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த மாதிரி ரத்து முறை செல்லாது என்று சொல்லிவிட்டது. அதன் பிறகு ரத்துத் தீர்மானத்தையும் ஜனாதிபதி வீட்டோ செய்யலாம், அதாவது கையெழுத்துப் போடாமல் தடுக்கலாம், அதை முறியடிக்க மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும் என்றாகிவிட்டது. 2019-இல் எல்லைச் சுவருக்காக டிரம்ப் அவசர நிலை அறிவித்தபோது குடியரசுக் கட்சி செனட்டர்கள் 12 பேரே எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள், அவர் வீட்டோ போட்டார், கதை முடிந்தது. 1979-இல் ஈரான் பணயக்கைதி விவகாரத்துக்காக கார்ட்டர் அறிவித்த அவசர நிலையை இன்னும் வருஷா வருஷம் புதுப்பித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த ஓட்டையில்தான் சுங்கவரியும் நுழைந்தது. 2025 ஏப்ரல் 2-ஆம் தேதி, அவசர நிலைக்கான 1977-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு உலகத்துக்கே வரி போட்டார் டிரம்ப். அந்தச் சட்டத்தில் சுங்கவரி பற்றிப் பேச்சே கிடையாது. ஒரு வாரத்தில் அதில் பெரும்பகுதியை 90 நாள் நிறுத்தி வைத்தார். இப்படி வாரத்துக்கு ஒரு விலை இருந்தால் யார் எதை நம்பித் தொழில் செய்வது? ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீதமானபோது திருப்பூரில் பனியன் கம்பெனிகள் பட்டபாடு நீங்கள் அறிந்தது. சீனாவிடம் கறாராக இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் வரி என்பது காங்கிரஸ் போட வேண்டியது. நீதிமன்றங்கள் சொன்னது ஒருபக்கம் இருக்கட்டும், காங்கிரஸ் என்ன செய்தது தெரியுமா? கனடா, மெக்சிகோ வரிகளுக்கு அடிப்படையான அவசர நிலையை ரத்து செய்யக் கோரும் தீர்மானம் வந்தால் 15 நாளுக்குள் குழு அதை எடுத்தாக வேண்டும் என்பது சட்டம். 2025 மார்ச்சில் கீழ்சபையில் எங்கள் கட்சித் தலைமை ஒரு விதி கொண்டுவந்தது: இந்தக் கூட்டத்தொடர் முடியும் வரை எந்த நாளும் இந்தச் சட்டத்துக்கு 'நாள்' என்று கணக்கில் வராது. நாட்காட்டியையே நிறுத்திவிட்டார்கள்! ஓட்டுப் போட்டு மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. இதைப் படித்த அன்று எனக்கு வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

ஜனநாயகக் கட்சி நண்பர்கள் இதைப் படித்துக் கைதட்டுவதற்கு முன்னால் ஒன்று. பைடன் மாணவர் கடனில் சுமார் 40,000 கோடி டாலரைத் தள்ளுபடி செய்யப் பார்த்தது எந்த அதிகாரத்தில்? ஜனாதிபதிக்கு அந்த அதிகாரம் இல்லை, காங்கிரஸ்தான் செய்ய வேண்டும் என்று 2021-இல் சொன்னவர் நான்சி பெலோசி. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று அதை அடித்துப் போட்டது. ஒபாமா, தனியாகச் செய்ய எனக்கு அதிகாரமில்லை என்று பலமுறை சொல்லிவிட்டு 2012-இல், சிறுவயதில் ஆவணமில்லாமல் அமெரிக்கா வந்தவர்களை நாடுகடத்தாமல் விடும் திட்டத்தை உத்தரவாகவே கொண்டுவந்தார். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு இரக்கம் உண்டு. ஆனால் உத்தரவால் கிடைத்தது உத்தரவால் போய்விடும் என்ற பயத்திலேயே அவர்கள் வளர்ந்து இப்போது பெற்றோர்களாகவே ஆகிவிட்டார்கள்.

குடியேற்றத்தில் நானே சம்பந்தப்பட்டவன், எச்1பி வேலை விசாவில் வந்து கிரீன் கார்டுக்குக் காத்துக் கிடந்து குடிமகன் ஆனவன். எல்லையை அடைக்க வேண்டும், வரிசையில் நிற்கிறவனை நாய்படாத பாடு படுத்தக் கூடாது, இரண்டும் ஒன்றாகவே என் கருத்து. வேலை வழி கிரீன் கார்டு வருஷத்துக்குச் சுமார் 1,40,000, ஒரு நாட்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்பது 1990-இல் போட்ட ஏற்பாடு. இந்தியர்கள் பத்து, இருபது வருஷம் என்று காத்திருப்பது அதனால்தான். 2013-இல் செனட் 68 ஓட்டில் ஒரு சீர்திருத்தத்தை நிறைவேற்றியது, கீழ்சபை எடுக்கவேயில்லை. 2024 தொடக்கத்தில் ஒக்லஹோமா செனட்டர் லாங்க்ஃபோர்ட், நல்ல கன்சர்வேடிவ், எல்லை மசோதா ஒன்றைப் பேசி முடித்தார். தேர்தல் வரை பிரச்சினை உயிரோடு இருக்கட்டும் என்று டிரம்ப் அதைக் கவிழ்த்தார். விளைவு, 2025 செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதிய எச்1பிக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. யாருக்கு, எப்போதிலிருந்து என்று தெரியாமல், விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்த எங்கள் பையன்கள் அடித்துப் பிடித்து டிக்கெட் போட்டார்கள். விளக்கம் மறுநாள்தான் வந்தது. எச்1பியில் முறைகேடு நடக்கிறது, அதை ஒடுக்க வேண்டும், இதெல்லாம் சரி. சட்டமாகப் போட்டு, தேதி சொல்லி, விவாதித்துச் செய்யக் கூடாதா?

கருக்கலைப்பில் நான் எதிர்த் தரப்பு. 2022-இல் உச்ச நீதிமன்றம் விஷயத்தை மாநிலங்களிடம் திருப்பிக் கொடுத்ததை வரவேற்றேன். 2023 நவம்பரில் ஒஹாயோ மக்கள் சுமார் 57 சதவீதம் பேர் அந்த உரிமையை மாநில அரசியல் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். நான் தோற்றேன், சரி. அதற்கு முன் ஆகஸ்டில், அரசியல் சட்டத்தைத் திருத்த 60 சதவீதம் வேண்டும் என்று அவசரமாக விதியை மாற்ற எங்கள் கட்சியினர் முயன்றார்கள். அதற்கு எதிராகத்தான் நான் ஓட்டுப் போட்டேன். மக்கள் தீர்மானிக்கட்டும் என்று ஐம்பது வருஷம் கேட்டுவிட்டு, மக்கள் தீர்மானிக்கப் போகும்போது கம்பை உயர்த்துவது என்ன நியாயம்?

மன்னிப்புகளைப் பற்றி ஒரே வரி: 2021 ஜனவரி 6 நாடாளுமன்றக் கட்டடத் தாக்குதல் வழக்குகளில் போலீஸை அடித்தவர்களையும் சேர்த்து டிரம்ப் விட்டதும் அசிங்கம், பைடன் தன் மகனையும் போகிற போக்கில் குடும்பத்தையும் மன்னித்ததும் அசிங்கம்.

எனக்குப் பிடித்த கன்சர்வேடிவ் யார் என்று கேட்டால் எங்கள் கவர்னர் மைக் டிவைன் பெயரைச் சொல்வேன், ஆள் பெரிய பேச்சாளர் இல்லை. 2024 செப்டம்பரில், ஸ்பிரிங்ஃபீல்டில் ஹைதிக்காரர்கள் பக்கத்து வீட்டு நாய் பூனைகளைத் தின்கிறார்கள் என்று டிரம்ப் விவாத மேடையில் சொன்னார். அந்த ஊர் கொலம்பஸிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். டிவைன் அங்கே பிறந்தவர். ஆதாரம் இல்லை, அவர்கள் பெரும்பாலும் சட்டப்படி இருப்பவர்கள், உழைக்க வந்தவர்கள் என்று பத்திரிகையில் கட்டுரையே எழுதினார். பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்தபோது மாநிலப் போலீஸை அனுப்பினார். அதே கட்டுரையில் பைடனின் எல்லைக் கொள்கையையும் விடவில்லை, டிரம்பை ஆதரிப்பதாகவும் சொன்னார். அது முரண்பாடு என்பார்கள், எனக்கு அப்படித் தெரியவில்லை.

கடைசியாக, எப்படியும் கேட்கப்போவதால்: விவேக் ராமசாமி. சின்சினாட்டியில் பிறந்தவர், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், 2026 கவர்னர் தேர்தலுக்கு இறங்கியிருக்கிறார். சித்தப்பா இப்போதே, "இதாவது நம்ம பையன், உன் கட்சி வேற" என்று ஆரம்பித்துவிட்டார். கமலாவுக்குச் சொன்ன பதில்தான் இவருக்கும். மாநில வருமான வரியைப் பூஜ்யம் ஆக்குகிறேன், சொத்து வரியையும் குறைக்கிறேன் என்கிறார். அப்படியானால் பள்ளிக்கூடத்துக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கணக்குக் காட்டட்டும். எங்கள் ஊர்ப் பள்ளி வாரியமே ஓட்டுச் சீட்டில் டாலர் கணக்கை அச்சடித்துத்தான் கேட்கிறது.