உவமை, உருவகம், படிமம்: ஒரே பாட்டில் பிரித்துப் பார்க்கலாம்

கேள்வி: நாகர்கோவிலில் பி.ஏ. தமிழ் படிக்கிறேன். உவமை, உருவகம், படிமம், உள்ளுறை, அங்கதம் எல்லாவற்றுக்கும் விளக்கம் மனப்பாடம். ஆனால் புதிதாக ஒரு பாட்டைக் கொடுத்து இதில் என்ன வந்திருக்கிறது என்று கேட்டால் குழம்பிவிடுகிறேன். என்ன செய்வது? (ஒரு மாணவி, தக்கலை)

பதில்: விளக்கங்களை மூடி வையுங்கள். குறுந்தொகையில் 25ஆம் பாட்டை எடுங்கள். கபிலர் பாடியது.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

அவன் என்னைச் சேர்ந்த அன்று வேறு யாரும் இல்லை, அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள் தலைவி. ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு ஒரு குருகு, அதாவது கொக்கு போன்ற நீர்ப்பறவை, மட்டும் நின்றதாம்.

'அன்ன' என்பது உவம உருபு, அதாவது 'போல' என்று ஒப்பிட்டுக் காட்டும் சொல். தினைத்தாளும் (தினைச் செடியின் தண்டு) குருகின் காலும் தனித்தனியாகவே நிற்கின்றன. ஆக, இது உவமை.

உருவகம் இதில் இல்லை. இல்லை என்று துணிந்து எழுதவும் தெரிய வேண்டும். 'மலரடி' என்றால் மலர் போன்ற அடி. உருபு மறைந்திருக்கிறது, ஆனாலும் உவமைதான். 'அடிமலர்' என்றால் அடியே மலர், அது உருவகம். உருபு கண்ணில் படவில்லை என்றாலே உருவகம் என்று எழுதிவிடுகிறார்கள். மதிப்பெண் அதிகம் போவது இங்கேதான்.

சரி, படிமம்? தேரூர்க் குளத்தில் கொக்கு அசையாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மெல்லிய பச்சைக் கால், ஓடும் நீர், மீன்மேல் வைத்த கண். மூன்றும் சேர்ந்து நம் கண்முன் நிற்கும் அந்தக் காட்சிதான் படிமம். கவனியுங்கள், அந்த உவமையும் இதற்குள்தான் இருக்கிறது. ஒரே அடியில் இரண்டும் வரலாம். ஒன்றைச் சொன்னதால் மற்றதை விடாதீர்கள்.

உள்ளுறைக்கு இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும். தலைவி குருகைப் பற்றி மட்டும்தான் பேசுகிறாள். அந்தக் குருகுக்கோ தன் இரைமேல்தான் கண். இவளுக்காக வந்து சாட்சி சொல்லாது. தலைவனும் தனக்கு வேண்டியதை மட்டும் பார்த்தவன்தானோ என்று நமக்குத் தோன்றுகிறது இல்லையா? பாட்டில் அப்படி ஒரு சொல்கூட இல்லை. கருப்பொருளை, அதாவது ஒரு நிலத்துக்கு உரிய தெய்வம், பறவை, விலங்கு, மரம் போன்றவற்றைச் சொல்லி அதற்குள் வேறொன்றை வைப்பதுதான் உள்ளுறை. தெய்வம் தவிர மற்றக் கருப்பொருள்கள் இதற்கு இடமாகும் என்கிறது தொல்காப்பியம். உள்ளுறை என்று எழுதினால் எந்தக் கருப்பொருள், எந்தக் குறிப்பு என்று இரண்டையும் காட்டுங்கள். அது காட்டப்படாத விடை எனக்குப் பாதி விடைதான்.

அப்புறம் அங்கதம். அதற்கு நம் ஊரிலேயே ஒரு நல்ல நூல் இருக்கிறது: தேரூரில் பிறந்த கவிமணி எழுதிய 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்'. ஐந்தாவதாக வாழ்க்கைப்பட்டவள் தன் கதையைச் சொல்கிறாள். படிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் அடி விழுவது, மாமன் சொத்தை மருமகனுக்கு (சகோதரியின் மகனுக்கு) கொடுத்துவிட்டு மனைவி மக்களைத் தவிக்கவிட்ட வழக்கத்தின்மேல். வெறும் நகைச்சுவை சிரிப்போடு நின்றுவிடும். அங்கதத்தில் அடி வாங்கும் ஒன்று இருக்கும். அது எது என்று ஒரு வரியில் சொல்ல முடிந்தால் அங்கதம் என்று தைரியமாக எழுதுங்கள். தொல்காப்பியம் இதைச் செம்பொருள், பழிகரப்பு என இரண்டாகப் பிரிக்கிறது. நேராக வைவது முதலாவது. வசையை மறைத்துச் சொல்வது இரண்டாவது.

அடுத்து குறுந்தொகை 40, 'செம்புலப் பெயல்நீர் போல' வரும் பாட்டை எடுத்து இதேபோல் நீங்களே பிரித்து எழுதிப் பாருங்கள்.