டிரெய்லர் மாட்டினால் பிக்கப்பின் பின்பக்கம் படுக்கிறதா? ரப்பர் ஹெல்பர் வாங்கும் முன்

கேள்வி: காவேரிப்பட்டினத்தில் பந்தல், ஒலி-ஒளி வேலை செய்கிறோம். பிக்கப்பில் ஸ்பீக்கர் பாக்ஸ், இரும்புக் குழாய், லைட் சாமான் ஏறும். பின்னால் இரண்டு சக்கர டிரெய்லரில் ஜெனரேட்டர். இரண்டும் சேர்ந்தால் பின்பக்கம் படுத்துவிடுகிறது; எதிரே வருகிறவர்கள் ஹெட்லைட்டைக் குறைக்கச் சொல்லி ஹாரன் அடிக்கிறார்கள். பட்டறையில் கமானில் (பின் ஆக்சிலைத் தாங்கும் இரும்புப் பட்டை அடுக்கு) இன்னும் இரண்டு பட்டை சேர்க்கச் சொல்கிறார்கள். ஆக்சிலுக்கு மேலே வைக்கிற ரப்பர் ஹெல்பர் ஸ்பிரிங்கே போதும் என்கிறார் நண்பர். எது சரி? சேலம் பக்கம் வேலை வந்தால் தொப்பூர் கணவாய் இறங்க வேண்டும்.

பதில்: உங்கள் வேலைக்கு ரப்பர்தான் பொருத்தம். சேர்த்த பட்டை எந்நேரமும் வேலை செய்யும். முகூர்த்தமும் திருவிழாவும் இல்லாத நாட்களில் காலி வண்டி தூக்கித் தூக்கிப் போடும், ஈர ரோட்டில் பின்சக்கரம் பிடிமானம் இழக்கும். தினமும் ஒரே லோடு ஏற்றும் வண்டிக்குத்தான் பட்டை சேர்ப்பது லாபம். ரப்பர் ஹெல்பர், லோடு ஏறி ஆக்சில் மேலே வந்து தொட்ட பிறகுதான் சுமை வாங்கும். அமுங்க அமுங்க விறைப்பு கூடும்.

ஆனால் ரப்பர் வண்டியை நிமிர்த்துமே தவிர, எடையைக் குறைக்காது. எனவே முதல் வேலை எடை மேடையில். டிரெய்லரை மாட்டியபடியே, அதன் சக்கரங்கள் மேடைக்கு வெளியே நிற்க, பிக்கப்பின் நான்கு சக்கரங்களையும் ஏற்றி எடை பாருங்கள். அந்த எண் ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையைத் தாண்டக் கூடாது. பிறகு முன்சக்கரத்தை இறக்கி, பின்சக்கரங்களை மட்டும் நிறுத்திப் பாருங்கள். பின் ஆக்சில் எவ்வளவு தாங்கும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். ரப்பர் பெட்டியில் எத்தனை கிலோ என்று போட்டிருந்தாலும் இந்த இரண்டு எண்களும் ஒரு கிலோ கூட உயராது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின், அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் அபராதம்.

டிரெய்லர் கொக்கியில் இறங்கும் எடை சின்னதாகத் தெரியும், செய்வது பெரிது. பின் ஆக்சிலிலிருந்து 1.2 மீட்டர் பின்னால் கொக்கி, முன்-பின் ஆக்சில் இடைவெளி 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கொக்கியில் 150 கிலோ இறங்கினால் பின் ஆக்சிலில் ஏறுவது 210 கிலோ. மீதி 60 கிலோ எங்கிருந்து வந்தது? முன் ஆக்சிலிலிருந்து. ஸ்டீயரிங் லேசாகிப்போவது இதனால்தான். இதை எந்த ரப்பரும் சரிசெய்யாது. ஹெட்லைட் இறங்கும், முன்சக்கரம் இழந்த பாரம் திரும்பாது. கனமான பாக்ஸ்களை கேபின் சுவரோடு ஒட்டி ஏற்றுங்கள், குழாயையும் லேசான சாமானையும் பின்னுக்குத் தள்ளுங்கள். கொக்கி தேவைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் குறைக்கப் பாருங்கள். பாதி அமுங்கல் இதிலேயே போய்விடலாம்.

பின்பக்கம் அமுங்குகிறதே என்று ஜெனரேட்டரை டிரெய்லரின் பின்பாதிக்கு நகர்த்துகிறவர்கள் உண்டு. அதைச் செய்யவே செய்யாதீர்கள். கொக்கி லேசானால் டிரெய்லர் வாலாட்டும். வேகத்தில் அது பிக்கப்பையே இழுத்துப் போகும். டிரெய்லர் மொத்தம் 1,000 கிலோ என்றால் கொக்கியில் 100 முதல் 150 கிலோ வரை இருக்க வேண்டும். தக்காளி மண்டியில் இருக்கும் எடை மெஷின் மேல் கட்டை அடுக்கி, வழக்கமாக மாட்டும் உயரத்தில் டிரெய்லர் மூக்கை வைத்தால் தெரிந்துவிடும். டீசல் நிரப்பிய பிறகு பாருங்கள்: 100 லிட்டர் டீசல் சுமார் 83 கிலோ. டேங்க் டிரெய்லர் ஆக்சிலுக்குப் பின்னால் இருந்தால், நிரப்ப நிரப்ப கொக்கி எடை குறையும்.

அடுத்து கமானைப் பாருங்கள். பட்டையில் விரிசல், அறுந்த சென்டர் போல்ட், தளர்ந்த யூ போல்ட், தேய்ந்த ஷேக்கிள் புஷ் இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். உடைந்த பட்டையை ரப்பர் மறைத்துவிடும், பாரம் முழுதும் ஒரே இடத்தில் விழும்.

வாங்கும்போது ஒரு குழப்பம் வரும். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் வளைய ரப்பர், காரின் சுருள் ஸ்பிரிங் வளையங்களுக்கு நடுவே செருகுவது. கமான் வண்டிக்கு அது ஆகாது. உங்களுக்கு வேண்டியது, சேசிஸுக்கு (வண்டியின் அடிச்சட்டம்) அடியில் இப்போது இருக்கும் பஃபர் ரப்பரைக் கழற்றிவிட்டு அதே ஓட்டையில் மாட்டும் உள்கூடான ரப்பர். வண்டி மாடலும் ஆண்டும் சொல்லி வாங்குங்கள். பெரிய தாங்குதிறன் எடுத்தால் நல்லது என்று போகாதீர்கள். அளவுக்கு மிஞ்சிய விறைப்பு என்றால், வேகத்தடையில் ஒவ்வொரு அடியும் சேசிஸின் ஒரே புள்ளியில் இறங்கும். அந்த இடத்தில் புது ஓட்டை போடுவதோ வெல்டிங் வைப்பதோ கூடவே கூடாது.

மாட்டும் முன் பின்சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள், காலியில் ஒருமுறை, முழு லோடில் ஒருமுறை. உதாரணமாக, காலியில் 50 செ.மீ., லோடில் 40 செ.மீ. என்றால், ரப்பருக்குப் பின் லோடில் 44, 45 வந்தால் போதும். பிக்கப் காலியாக இருக்கும்போது பின்பக்கம் தூக்கி நிற்பதுதான் இயல்பு. லோடிலும் 50 வேண்டும் என்று தேடினால் கமான் சும்மா இருந்து ரப்பர் மட்டும் சுமக்கும்.

மாட்டுவது கஷ்டமில்லை. சமதளத்தில் நிறுத்தி முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கியை ஆக்சிலுக்குக் கொடுக்காமல் சேசிஸுக்குக் கொடுத்துத் தூக்கினால்தான் ஆக்சில் தொங்கி இடம் கிடைக்கும். ஸ்டாண்டு வைத்த பிறகே அடியில் கை விடுங்கள். ஆக்சில் தொங்கும்போது பிரேக் ஹோஸ் விறைத்து இழுபடுகிறதா என்று பார்த்துக்கொண்டே தூக்குங்கள். பழைய பஃபரைக் கழற்றி, துருவைச் சுரண்டி, புதியதை மாட்டுங்கள். ரப்பரோடு வரும் கையேட்டில் டார்க் (போல்ட்டை முறுக்கும் விசை) அளவு இல்லாவிட்டால், 8.8 கிரேடு 10 மில்லி போல்ட்டுக்கு 45 நியூட்டன் மீட்டர் சரியாக இருக்கும். வண்டியை இறக்கியபின், காலியில் ரப்பருக்கும் அது தொட வேண்டிய இடத்துக்கும் இடையே கையேடு சொல்லும் இடைவெளி இரு பக்கமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ரப்பர் தட்டையான இடத்தில் அமர வேண்டும். யூ போல்ட் முனையோ நட்டோ மேலே துருத்திக்கொண்டிருந்தால் சில மாதத்தில் குத்திக் கிழித்துவிடும்.

இனி தொப்பூர். பட்டறையில் பலர் கவனிக்காத விஷயம் இது. பல பிக்கப்களில் சேசிஸில் ஒரு பிரேக் வால்வும், அதிலிருந்து பின் ஆக்சிலுக்கு ஒரு மெல்லிய கம்பியும் இருக்கும். ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் இடைவெளி குறைந்தால் லோடு ஏறியிருக்கிறது என்று புரிந்து பின்பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். ரப்பரோ கூடுதல் பட்டையோ போட்டு வண்டியை நிமிர்த்தினால், லோடு அப்படியே இருக்க, வால்வு மட்டும் காலி வண்டி என்று நினைத்துப் பின்பிரேக்கைக் குறைத்துவிடும். ஜெனரேட்டர் டிரெய்லர்களில் பெரும்பாலும் பிரேக்கே கிடையாது. கணவாய் இறக்கத்தில் ஒரு டன் பின்னாலிருந்து தள்ளும்போது முன்பிரேக் மட்டும் சூடேறிப் போகும். அதற்காகக் கம்பியை வளைத்தோ கட்டியோ வைக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். காலி வண்டியில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். ரப்பர் போட்ட கையோடு கம்பெனி சர்வீஸில் பிரஷர் கேஜ் வைத்து அந்த வால்வை அமைத்து வாங்குங்கள். ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள புது வண்டியாக இருந்தால் இந்தக் கம்பி இல்லாமலும் இருக்கலாம், அடியில் பார்த்து உறுதிசெய்யுங்கள். இறக்கம் தொடங்கும் முன்பே கீழ் கியருக்கு வந்துவிடுங்கள், நியூட்ரல் வேண்டாம்.

முதல் 500 கிலோமீட்டரில் போல்ட்டை மறுபடி முறுக்கிப் பாருங்கள். ஹெட்லைட் உயரத்தை லோடோடு நிறுத்தித் திருத்துங்கள். ரப்பரில் டீசல், கிரீஸ் படவிடக் கூடாது, ஊதிப் போகும். சத்தம் போட்டால் சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும். சைலன்சர் குழாய் ரப்பரை ஒட்டி ஓடினால் நடுவே தகடு கொடுங்கள்.