வீட்டை விட்டு ஓடிப்போகும் பிள்ளைகளின் கதையைக் குழந்தைக்குப் படிக்கக் கொடுக்கலாமா?

பத்து வயது மகளுக்கு வாங்கிய நாவலில் அக்காவும் தம்பியும் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போகிறார்கள், படித்துவிட்டு இவளுக்கும் அந்த எண்ணம் வந்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் கொடுங்கள். நீங்கள் சொல்வது ஈ. எல். கோனிக்ஸ்பர்க் 1967-இல் எழுதிய, ஃபிராங்க்வைலர் என்ற பணக்காரப் பாட்டியின் ஃபைல்களைப் பற்றிய நாவல்தான். அடுத்த வருடமே, சிறுவர் இலக்கியத்துக்காக அமெரிக்காவில் கொடுக்கும் நியூபெரி பதக்கம் வாங்கிய புத்தகம். என் மகளோடு உட்கார்ந்து முழுவதும் படித்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெண் கிளாடியா ஏன் போகிறாள் என்று பாருங்கள். வீட்டில் அடி உதை எதுவும் இல்லை. பன்னிரண்டு வயதை நெருங்குகிற மூத்த பெண், அவளுக்குக் கீழே மூன்று தம்பிகள், மேஜையில் தட்டு எடுத்து வைப்பது முதல் பாத்திரம் எடுத்து அடுக்குவது வரை எல்லாம் அவள் தலையில், தம்பிகள் ஏதோ சாக்குச் சொல்லித் தப்பித்துவிடுகிறார்கள், இதை யாரும் கண்டுகொள்வதே இல்லை. நானும் மூத்த பெண்தான். அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாததை ஒருவர் எழுதி வைத்திருக்கிறாரே என்று இருந்தது.

அப்புறம், அவள் கோபத்தில் கிளம்பி ஓடுவதில்லை. வாரக்கணக்கில் திட்டம் போடுகிறாள். வெயிலும் மழையும் பூச்சியும் அவளுக்கு ஆகாது, அதனால் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் போய்த் தங்குவது என்று முடிவு செய்கிறாள். மூன்று தம்பிகளில் ஒன்பது வயது ஜேமியைச் சேர்த்துக்கொள்வதற்குக் காரணம் அவனிடம் காசு இருக்கிறது, சீட்டு விளையாடிச் சேர்த்தது, மொத்தம் 24 டாலர் 43 சென்ட். ரயிலிலிருந்து இறங்கியதும் பஸ்ஸுக்குக்கூடக் காசு எடுக்க மாட்டேன் என்று அக்காவை அத்தனை தூரம் நடக்க வைக்கிறான்!

மியூசியம் மூடும் நேரம் வரும்போது ஆளுக்கொரு கழிப்பறைக்குள் போய், கதவுக்குக் கீழே கால் தெரியாதபடி இருக்கை மேல் ஏறி, மேலே தலை தெரியாதபடி குனிந்து நிற்கிறார்கள். அந்த இடத்தில் என் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ராத்திரி தூங்குவது பதினாறாம் நூற்றாண்டுக் கட்டிலில், குளிப்பது அங்கிருக்கும் உணவகத்தின் நீரூற்றில். பகலில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சுற்றிப் பார்க்க வந்தால் அந்தக் கூட்டத்தோடு கலந்து பாடம் கேட்கிறார்கள். எந்நேரமும் சண்டைதான், அவன் பேசினால் இவள் இலக்கணம் திருத்துவாள், ஆனால் நடுவில் ஓரிடத்தில் அக்கா, தம்பி என்கிற உறவு வேறு மாதிரி ஆகிவிடுகிறது. புத்தகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அது.

பிறகு ஒரு தேவதைச் சிலை வருகிறது. மியூசியம் வெறும் 225 டாலருக்கு ஏலத்தில் எடுத்த சிலை, மைக்கேலாஞ்சலோ செய்ததாக இருக்குமோ என்று ஊரே பேசுகிறது. அந்த ரகசியம் தெரியாமல் வீட்டுக்குத் திரும்ப மாட்டேன் என்று கிளாடியா அடம் பிடிக்கிறாள், ஏனென்றால் போன மாதிரியே திரும்பிப் போக அவளுக்கு மனசில்லை, தனக்கென்று ஒன்று மாறியிருக்க வேண்டும். ரகசியத்தை இங்கே உடைக்க மாட்டேன், உங்கள் மகளே படித்துக் கண்டுபிடிக்கட்டும்.

உங்கள் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பெற்றோர் எப்படித் துடித்திருப்பார்கள் என்பதை இந்தக் கதை அதிகம் காட்டுவதில்லை, அது எனக்கும் குறையாகத்தான் பட்டது. தேட வேண்டாம் என்று பிள்ளைகள் வீட்டுக்குக் கடிதம் போடுகிற இடத்தில் நான் நிறுத்தி, இதைப் படித்த அம்மா அன்று ராத்திரி என்ன செய்துகொண்டிருப்பாள் என்று மகளிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பாள் என்றாள். நீங்களும் அந்த இடத்தில் நிறுத்துங்கள், கூடவே வீட்டில் எந்த வேலை தனக்கு மட்டும் வருகிறது என்று அவள் நினைக்கிறாள் என்பதையும் கேளுங்கள், எங்களுக்கு அது பெரிய பேச்சாகப் போனது.

படித்து முடித்ததும் என் மகள் கேட்டது ஓடிப்போவதைப் பற்றி இல்லை, அந்தச் சிலையை நேரில் பார்க்க முடியுமா என்றுதான். சிலை கற்பனை, மியூசியம் நிஜம், அவர்கள் தூங்கிய கட்டிலும் குளித்த நீரூற்றும் இப்போது அங்கே இல்லை என்று சொன்னேன். பரவாயில்லை, கழிப்பறை இருக்கும் இல்லையா என்றாள்.