பாட்டைக் கேட்டே கார்ட்ஸ் பிடிக்கக் காதை எப்படிப் பழக்குவது?

மெட்டு உடனே கைக்கு வந்துவிடுகிறது, கார்ட்ஸ் (chords, பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிப்பது) பிடிபடவில்லை, ஜாஸ் என்றால் சுத்தமாகக் குழப்பம் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் தஞ்சைப் பக்கத்தில் பாட்டுப் படித்தவர்கள் பலருக்கும் இருப்பதுதான். எனக்கும் இருந்தது.

நான் கும்பகோணத்துக்காரன். கோயில் திருவிழாக்களில் மெல்லிசைக் குழுவுக்கு கீபோர்டு வாசிக்கிறேன். சின்ன வயதில் காதில் விழுந்ததெல்லாம் நாயனம். கூடவே ஊதும் ஒத்துக் குழல் ஒரே சட்ஜத்தில் நிற்கும், மேலே ராகம் போகும். அப்படிப் பழகிய காது மெட்டைக் கெட்டியாகப் பிடிக்கும். ஆனால் அடியில் இருக்கும் ஸ்வரம் நகராது என்றே நம்பியிருக்கும். சினிமாப் பாட்டிலும் ஜாஸிலும் நகர்வதே அந்த அடிதான்.

கீபோர்டின் சி-யை (C) சட்ஜமாக வைத்து அந்தர காந்தாரத்தை (E) நீளமாகப் பாடுங்கள். அடியில் ச வாசித்தால் சி மேஜர் கார்டு. த வாசித்தால் அதே காந்தாரம் ஏ மைனருக்குப் பஞ்சமம். ம வாசித்தால் எஃப் மேஜர் செவன்தில் அது ஏழாவது ஸ்வரம். பாடகர் அசையவில்லை, ஆனால் மூன்று முறையும் மனசு வேறு இடத்தில் இருக்கும்.

ஒரு வருஷம் எங்கள் பேஸ் கிட்டார்காரர் சீசன் முழுக்க வர முடியவில்லை. இடது கையில் பேஸையும் (அடியில் போகும் கனமான ஸ்வரங்கள்) நானே வாசிக்க வேண்டியதாயிற்று. ஆடுதுறைப் பக்கம் நடந்த முதல் கச்சேரியிலேயே புரிந்துவிட்டது: பல வருஷம் வாசித்த பாட்டுகளில் அடியில் என்ன போகிறது என்று நான் கேட்டதே இல்லை. அதன்பின் வேனில் போகும்போதும் வரும்போதும் ஹெட்போனில் பேஸை மட்டும் முணுமுணுத்தேன். என் காதைத் திறந்தது அந்த சீசன்தான்.

ஹெட்போன் கட்டாயம், போன் ஸ்பீக்கரில் பேஸ் சரியாகக் கேட்காது. முதலில் ஒவ்வொரு பாரின் (bar, தாள ஆவர்த்தனம் மாதிரியான அளவு) முதல் தட்டில் விழும் பேஸ் ஸ்வரத்தை மட்டும் பாடுங்கள். பாட வராமல் கீபோர்டைத் தொடாதீர்கள். பிறகு அந்த ஸ்வரத்தையே சட்ஜமாக நினைத்து காந்தாரம் பாடுங்கள். அந்தர காந்தாரம் ஒட்டினால் மேஜர், சாதாரண காந்தாரம் ஒட்டினால் மைனர். பஞ்சமமும் ஒட்ட வேண்டும். ஒட்டவில்லையென்றால் பேஸ் கார்டின் மூல ஸ்வரத்தில் இல்லாமல் இருக்கலாம். சி மேஜருக்கு அடியில் காந்தாரம் நிற்பதுண்டு.

ஜாஸில் ஓயாமல் வருவது டி மைனர் செவன்த், ஜி செவன்த், சி மேஜர் செவன்த் என்ற மூன்று கார்டு வரிசை. பேஸ் ரி, ப, ச என்று போகும். உள்ளே நடப்பதுதான் அழகு: முதல் கார்டில் இருக்கும் ச, நிஷாதத்துக்கு இறங்கும், ம அப்படியே நிற்கும், அடுத்து ம காந்தாரத்துக்கு இறங்கும், நி நிற்கும். இதைப் பன்னிரண்டு சுருதியிலும் பாடிப் பழகுங்கள். இதைவிடப் பலன் தந்த பயிற்சி எனக்கு வேறில்லை.

எழுதிப் பழக முதலில் ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959-இல் பதிவுசெய்த 'சோ வாட்' (So What) இசையை எடுங்கள். அதில் கருப்பொருளையே பேஸ்தான் வாசிக்கிறது, மற்றவர்கள் பதில் சொல்கிறார்கள். 32 பாரில் முதல் 16 டி சட்ஜமான கரகரப்பிரியா ஸ்வரங்கள், அடுத்த 8 அரைஸ்வரம் மேலே, கடைசி 8 பழைய இடம். உங்களுக்கு வீட்டு வாசல் மாதிரி இருக்கும். வேகத்தைப் பாதியாக்கிக்கொண்டு, அவருடைய ட்ரம்பெட் சோலோவை ஒரு நாளைக்கு நாலு பார் ஸ்வரமாக எழுதுங்கள். அவர் மூச்சு விடுகிற இடத்தில் நீங்களும் மூச்சு விட்டு முதல் எட்டு பாரைப் பாட வந்தபிறகு கீபோர்டில் உட்காருங்கள்.